பச்சையட்டைத் தணிக்கை நூல் கவர்ந்த படலம்

வாழ்க பத்துமலை என்னும் பெயர் தாங்கிய வீரன்! தந்தை ஐயாவு தவமிருந்து பெற்ற தனிப்பெரும் புதல்வன் வாழ்க! சிம்பாங் பூலாய்க்கு அப்பால், பால்மரங்களை வேரோடு சாய்த்து வீட்டு மனை போட்டுவிட்ட பழைய தோட்டத்தின் லயத்தில் பிறந்து, சுண்ணாம்புக்கல் மலைகள் மதிலெனச் சூழ்ந்த குனோங் ராபாட்டின் வரிசை வீட்டில் வளர்ந்து, கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகத்துக் கணக்கியல் துறையுள் புகுந்து, எதிர்வந்த தாள்களை ஒவ்வொன்றாய் வீழ்த்தி, முடிவில் உயர்நிலைத் தணிக்கையும் உறுதியளிப்பும் என்னும் ஒரே ஒரு தாளில் முப்பத்தெட்டு மதிப்பெண் பெற்று மண்ணைக் கவ்விய மாவீரன் வாழ்க!

இக்காதை இடையூறின்றி நிறைவேறக் கலைமகளை யாம் அழைத்திலம். அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும். ஈப்போ நகர நூலகத்தின் மேல்மாடியில், வடக்குச் சன்னலோரம், மூன்று இறக்கையும் நடுங்க, கிறீச்சென்று ஒரு சுற்றும் கடக்கென்று மறுசுற்றுமாய்ச் சுழன்று, கீழே அமர்ந்தோர்க்கெல்லாம் காற்றும் கவலையும் ஒருங்கே அளித்த பழைய மின்விசிறியே, இக்காதை நிகழ்ந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டிலும் நீ அறுந்து விழவில்லை; ஆதலின் நீயே காப்பு.

தணிக்கை என்பது யாதெனின், பிறர் சொன்னதை நம்பாது, தானே நேரில் சென்று கண்ணால் கண்டு, கையால் தொட்டு, 'ஆம், உள்ளது' எனப் பிறர்க்கு உறுதி கூறும் பெருங்கலை. அதன் உயிர்நாடி சான்று திரட்டும் முறை. அதைப் பேராசிரியர் விரித்துரைத்த மூன்று வாரமும் நம் வீரன் சின்னம்மை கண்டு, வேப்பிலை நடுவே முதுகு சொறிந்தபடி கிடந்தான். விளைவு, முப்பத்தெட்டு. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோலாலம்பூரில் மறுதேர்வு. அதிலும் தோற்றால் வீட்டுக்குப் போகலாம் என்று பல்கலைக்கழகம் முத்திரை குத்தி எழுதியிருந்தது. பளிங்குக்கல் ஆலையில் இரவுக் காவல் பார்க்கும் தந்தை ஐயாவோ, மகன் ஆடிட்டர் ஆகிவிட்டான் என்று லாரிக்காரர் முதல் தேநீர்க்காரர் வரை எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

மூவிரல் தடிமனும் முக்கால் வீசை எடையும் கொண்டு, பச்சை அட்டை போர்த்துக் கிடந்த அந்தத் தணிக்கைப் பெருநூல் ஈப்போ முழுமைக்கும் ஒன்றே ஒன்று. அதன் ஒன்பதாம் அத்தியாயமே சான்று திரட்டலைச் சொல்வது. விலை கொடுத்து வாங்க நம்மவனால் ஆகாது; இரவல் கொண்டுபோக நூலக விதி விடாது; பிரதி எடுக்கும் இயந்திரத்தின் கழுத்திலோ 'ரோசாக்', அதாவது பழுது, என்னும் அட்டை சீனப் பெருநாளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அங்கேயே அமர்ந்து படிக்க வேண்டும். நூலகத்துக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை. ஆக, செவ்வாய் தொடங்கிச் சனி ஈறாக ஐந்து நாள் அவனுக்கு இருந்தது.

செவ்வாய்க் காலை, வாசலில், இரவுக் காவல் முடித்துச் சைக்கிளை உருட்டிவந்த தந்தை எதிர்ப்பட்டார்.

"தம்பி, அந்தத் தடிச்ச புத்தகம் விஷயமா நான் ஒரு ஆளுகிட்ட சொல்லி..."

"அப்பா, இது படிப்பு விஷயம். ஒங்களுக்கு என்னப்பா தெரியும்? பஸ்சு வந்திருச்சி, நான் வாரேன்."

ஐயாவு ஒதுங்கி வழிவிட்டார். மகன் படித்தவன் அல்லவா. அதன்பின் அவ்வாரம் முழுதும் தந்தை உறங்கும் வேளையில் மகன் கிளம்புவதும், மகன் திரும்புமுன் தந்தை வேலைக்குப் போவதுமாய், சூரியனும் சந்திரனும் போல் அவ்விருவரும் ஒரே வீட்டில் ஒருவரையொருவர் காணாது வாழ்ந்தனர்.

பேருந்தைவிட்டு இறங்கி, படி இருபத்தாறும் பாய்ந்தேறி, போர்க்களம் புகுந்த பத்துமலை கண்ட காட்சியை எங்ஙனம் உரைப்போம்! மின்விசிறியின் நேர்கீழே, நீள்மேசையின் தலைமாட்டில், அரசன் கொலுவிருந்தாற்போல் ஒரு கிழவர் அமர்ந்திருந்தார். முன்னே தமிழ் நாளேடு விரிந்து கிடந்தது. நாற்காலி முதுகில் கருங்குடை ஒன்று வளைபிடியால் தொங்கியது. பக்கத்து நாற்காலியிலோ, ஆளில்லாத அந்த வெற்று நாற்காலியிலோ, பெண்ணழைப்புக்கு வந்த சம்பந்தியம்மாளைப் போல அசையாது வீற்றிருந்தது பச்சையட்டைப் பெருநூல்.

பேருந்து இருக்கையில் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பது நம்மவர்க்குக் கைவந்த கலை. துண்டில்லாதவன் குடையைப் போடுவான்; குடையில்லாதவன் பிள்ளையைத் தூக்கிப் போடுவான். ஆனால் ஒருவனது தலைவிதியையே தூக்கி நாற்காலியில் போட்டு இடம் பிடித்தவரை நம் வீரன் அதுகாறும் கண்டதில்லை. இரண்டு மணி நேரம் எதிர்மேசையில் அமர்ந்து உற்று நோக்கினான். கிழவர் அந்நூலை ஒருமுறையும் திறந்தாரில்லை. ஆள் வரும் போதெல்லாம் அதன்மேல் கை வைத்தார். ஆள் போனதும் கை எடுத்தார். காற்று வாங்கக் கூடுதலாய் ஒரு நாற்காலி வேண்டி, படிக்காத புத்தகத்தைப் பாரத்துக்கு வைத்திருக்கிறார் இந்த ஆள் என்று தணிக்கையாளனுக்குரிய நிதானத்தோடு முடிவு கட்டினான்.

எழுந்துபோய்க் கேட்டிருக்கலாமே என்பீர். கேட்கத்தான் எழுந்தான். அப்போது கிழவர் இருமினார். இருமல் பாதியில் நின்று, ஒரு சீழ்க்கை போல் ஒலித்து, பின் முடிந்தது. எழுந்த பத்துமலை மீண்டும் அமர்ந்தான். அவ்விருமலை அவன் அறிவான். அக்குடையையும் அறிவான். அவர் பழைய தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி சதாசிவம்.

ஈரேழாண்டுகளுக்கு முன், விடியாப் பொழுதில், ஆட்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் மழை கொட்டிற்று. காய்ச்சல் கண்ட எட்டு வயது மகனைத் தோளில் போட்டுத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, ஒரு மணி நேரம் தாமதமாய் அங்கே வந்து நின்றார் ஐயாவு. கருங்குடையின் கீழ் நின்ற கிராணி கடிகாரத்தைப் பார்த்து, ஓர் இருமல் இருமி, செக்ரோல் என்னும் வருகைப் பேரேட்டில் அரை நாள் கூலி மட்டும் போட்டார். குடைக்கு வெளியே தந்தை நனைந்தார். தந்தையின் தோளில் கிடந்தவன் கண் திறந்து இதைப் பார்த்தான். அந்தக் கருங்குடைக்காரரிடம் இனி ஒரு வாய்த் தண்ணீரும் கேளேன், வழியும் கேளேன், மணியும் கேளேன் என்று அப்போதே சபதம் பூண்டான். காய்ச்சல் மூன்றாம் நாள் விட்டது, சபதம் விடவில்லை.

கிராணிக்கு இவனைத் தெரியவில்லை. ஒன்பது வயதில் தோட்டத்தைவிட்டுப் போன பொடியனுக்கு இப்போது மீசையும் மூக்குக் கண்ணாடியும் இருந்தன.

போர் மூண்டது. புதன்கிழமை நம் வீரன் முதல் பேருந்தைப் பிடித்து, நூலகத்தின் இரும்புக் கதவு திறக்கும் முன்பே வந்து நின்றான். கதவுக்கும் அவனுக்கும் இடையில் ஏற்கெனவே கருங்குடை நின்றது. அன்றைக்கு அவ்வளவுதான்.

வியாழனன்று உளவறியும் தந்திரத்தில் இறங்கினான். தோட்டத்து மணிக்குப் பழகிய உடம்பாதலால், கிராணி பிற்பகல் மூன்றரைக்குத் தேநீர்க்கு இறங்குவார், மூன்று ஐம்பதுக்கு ஏறுவார். கடிகாரம் தவறினாலும் அவர் தவறார் என்பதை எழுதிக் குறித்துக்கொண்டான். பரிசில் கண்ட புலவன்போல் மகிழ்ந்து, அவர் இறங்கிய மறுகணமே நூலின்மேல் கை வைத்தான். பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. நூலகக் காவல்தெய்வம், முகப்பு மேசை நவமணி.

"தம்பி, அங்க ஆளு இருக்கு. கிராணி ஐயா வச்சிட்டுப் போயிருக்காரு."

"அவரு படிக்கவே இல்லையே அக்கா."

"படிக்காட்டி என்ன? துண்டு போட்ட சீட்டுல போயி ஒக்காருவியா நீ? வேணும்னா அவருகிட்டயே கேளுலா. கடிச்சா தின்னுருவாரு?"

கேட்பதா! பத்துமலை வாளை உறையிலிட்டான். அதாவது கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டான். அன்று மாலை வீட்டில், தாய் செல்லாயி சோற்றைப் போட்டபடி கேட்டாள்.

"ஒங்கப்பா கேட்டுட்டுப் போனாரு. புத்தகம் கெடைச்சிச்சாப்பா?"

"கெடைச்சிச்சும்மா."

இப்பொய்யை அவன் ஏன் சொன்னான் என்று நூலோர் பலவாறு கூறுவர். வெட்கம் என்பதே எம் துணிபு. மூன்றாண்டு தலைநகரில் படித்தவன், ஒரு கிழவரிடமிருந்து ஒரு புத்தகத்தை வாங்க முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வான்? சோற்றைத் தண்ணீர் குடித்து இறக்கினான்.

வெள்ளியன்று நடந்ததே தும்பைப் போர். தொழுகைக்காக நண்பகலில் மூடிய நூலகம் இரண்டே முக்காலுக்குத் திறக்கும். மூடுமுன் எல்லா நூலையும் அலமாரிக்கு ஏற்றிவிடுவாள் நவமணி. ஆகவே கதவு திறந்த கணத்தில் யார் முதலில் மாடி ஏறுகிறாரோ அவரே பச்சையட்டைக்கு அதிபதி. இரண்டு நாற்பத்து நான்குக்கு இரு பெருஞ்சேனையும் எதிரெதிர் நின்றன. இப்பக்கம் இருபத்திரண்டு வயதும், இளமைக் கால்களும், ஜப்பான் சிலிப்பரும். அப்பக்கம் அறுபத்தாறு வயதும், இருமலும், கருங்குடையும். வெற்றி எப்பக்கம் என்பதில் ஐயமே இல்லாதிருந்தது.

கதவு திறந்தது. பால் வாளி கவிழ்ந்தாற்போல் பாய்ந்தான் பத்துமலை. முதற்படி, ஐந்தாம்படி, பத்தாம்படி கடந்து, படி பன்னிரண்டில் அந்தோ, வலக்கால் சிலிப்பரின் வார் அறுந்தது! குப்புற விழுந்தவனைக் கடந்து, கைப்பிடிக் கம்பியில் குடையின் வளைவை மாட்டி, இழுத்து, ஏறி, மீண்டும் மாட்டி, இழுத்து, பால்மரம் சீவும் வெட்டுக்காட்டு மேட்டில் ஏறிப் பழகிய பெரியவர் மூச்சிரைக்க மேலே போனார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்து, "அடி பட்டுச்சா தம்பி? பாத்து வா," என்றும் சொன்னார். அந்தக் கரிசனத்தை நம் வீரன் எள்ளல் என்று கொண்டான். அறுந்த சிலிப்பரைக் கையில் ஏந்தி, எதிர்மேசையில் அமர்ந்து, மாலைவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

விடிந்தது சனி. இறுதிநாள்.

ஆநிரை கவரப் போவோர் வெட்சிப் பூச் சூடுவது பண்டை மரபு. ஈப்போவில் வெட்சி எங்கே என்று தேட நேரமில்லாமையால், பேருந்துச் சீட்டைச் சுருட்டிக் காதில் செருகிக்கொண்டு புறப்பட்டான் பத்துமலை. காலை முழுதும் காத்திருந்தான். மூன்றரை அடித்தது, கிராணி இறங்கினார். மூன்று நாற்பத்தைந்துக்குத்தான் நவமணி பழைய நாளேடுகளைக் கட்டுப்போட உள்ளறைக்குள் போனாள். மூன்று நாற்பத்தேழுக்கு, அளவிலும் நிறத்திலும் எடையிலும் பச்சையட்டையின் உடன்பிறப்பு எனத்தக்க மலாய் அகராதியைக் கையிலேந்தி, பூனை நடை நடந்து, அதை நாற்காலியில் கிடத்தி, இதைக் கவர்ந்து, கோழி வளர்ப்பு, காளான் வளர்ப்பு நூல்கள் நிற்கும் கடைசி அலமாரிக்குப் பின்னே தரையில் சென்று அமர்ந்தான். ஐந்து நாள் முற்றுகைக்குப்பின் கோட்டை வீழ்ந்தது! முழங்கட்டும் முரசம்! ஆனால் மௌனம் காக்க என்று சுவரில் எழுதியிருந்தபடியால் முழங்கவில்லை.

ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறந்தான். சான்று திரட்ட வழிகள் பல, அவற்றுள் எல்லாவற்றினும் எளியது உரியவரை நேரே கேட்டறிதல் என்று தொடங்கிற்று முதல் வரி. இது யாருக்குத் தெரியாது என்று அதைத் தள்ளிவிட்டு, அடுத்த வரிக்குத் தாவினான். அப்போதுதான் அந்த இருமல் கேட்டது.

கிராணி திரும்பிவிட்டார். நாற்காலியில் இருந்ததைத் தூக்கினார், புரட்டினார், அகராதி என்று கண்டார். நாளேடு பறந்தது, அவர் பிடிக்கவில்லை. குடையை எடுத்தார், புறப்பட்டார். அதன்பின் நிகழ்ந்ததை உரைக்க ஆதிசேடனுக்கும் நா போதாது. வரலாற்று அலமாரிக்கு அவர் வந்தால் இவன் சமய அலமாரிக்குப் போனான். அவர் சமயத்துக்கு வந்தால் இவன் சமையலுக்குப் போனான். நூலை மார்போடு அணைத்து, மூச்சையடக்கி, வெறுங்காலோடு, திறந்து ஒரு வரியும் படிக்க வழியின்றி ஒன்றே முக்கால் மணி நேரம் அலைந்தான். இடையிடையே, மேசை மேசையாய்க் கேட்டுவரும் அக்குரல் இவன் காதில் விழுந்தது.

"அம்மா, பச்ச அட்ட போட்ட தடிச்ச புத்தகம் ஒண்ணு பாத்தீங்களா? இங்கதான் வச்சேன். ஐயா, நீங்க பாத்தீங்களா?"

நாற்காலி பறிபோனவரின் கோபம் அக்குரலில் இல்லை. பிள்ளையைச் சந்தையில் தொலைத்தவரின் குரலாய் இருந்தது. ஆயினும் வீரன் வீரனே. காளான் வளர்ப்புக்கு மீண்டும் போனான். திரும்பினால், அலமாரியின் மறுமுனையில் கருங்குடை. பின்னே சுவர். தப்ப வழியில்லை.

இடி விழும் என்று தலையைக் குனிந்து நின்றான். கிராணி மூச்சு வாங்கினார். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரு கையையும் நீட்டினார்.

"தம்பி, கோவிச்சுக்காதப்பா. அத எங்கிட்ட குடுத்துரு. அது எங்க தோட்டத்து ஐயாவு மகனுக்கு எடுத்து வச்சிருக்கேன். பக்கத்துலயே சீட்டும் புடிச்சி வச்சிருக்கேன். அஞ்சு நாளா அந்தப் பையனக் காணோம். திங்கக்கெழம அவனுக்குப் பரீட்சலா. இன்னிக்காச்சும் வந்துருவான்."

"எந்த ஐயாவு?" என்றான், தெரிந்தே.

"பளிங்குக்கல்லு ஆலையில ஜாகா வேல பாக்குறானே, அந்த ஐயாவு. போன ஞாயித்துக்கெழம மார்க்கெட்டுல பாத்தேன். ஈப்போவுலயே ஒண்ணே ஒண்ணுதான் இருக்காம், யாராச்சும் எடுத்துருவாங்களோன்னு பயந்துகிட்டு நின்னான். நான் மொத ஆளா போயி புடிச்சி வைக்கிறேன், நீ மகன மட்டும் அனுப்பிவிடுன்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தி, இருமி, தொடர்ந்தார். "அவனுக்கு நான் ஒரு தடவ அரை நாளு போட்டுட்டேன் தம்பி. புள்ளைக்குக் காய்ச்சல்னு மழையில நனைஞ்சிகிட்டு வந்தான். அது எனக்கு இன்னும் மனசுல கெடக்கு."

நூலகத்தின் மறுகோடியில் மின்விசிறி கிறீச்சென்றது, கடக்கென்றது. பதினான்கு ஆண்டு சுமந்த சபதம் எப்போது எங்கே விழுந்தது என்று பத்துமலை அறியான். கண் கரித்தது.

"நான்தாங்கய்யா அந்தப் பையன்."

கிராணி அவனை மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், காதில் செருகிய பேருந்துச் சீட்டைப் பார்த்தார்.

"அடப்பாவி! அஞ்சு நாளா நீ என் எதுத்தாப்புலதான ஒக்காந்திருந்த? ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

சேனைகள் அடங்கின, கொடிகள் தாழ்ந்தன, பகை மறந்த இரு வேந்தரும் அலமாரிச் சந்து நீங்கி, நீள்மேசை சேர்ந்தனர். மலாய் அகராதியைத் தூக்கி ஓரம் வைத்து, தம் கைக்குட்டையால் அந்த நாற்காலியைத் துடைத்து, "ஒக்காருப்பா, படி," என்று கருங்குடைச் சதாசிவனார் திருவாய் மலர்ந்தருள, ஐயாவு மைந்தன், சின்னம்மை வென்றோன், இருமுறை எழுதுவோன், தனக்கெனச் செவ்வாய் முதல் காவல் காக்கப்பட்ட அரியணையில் அமர்ந்து, தனக்கெனக் காவல் காக்கப்பட்ட பெருநூலை முன்னே விரித்து, மின்விசிறி தலைமேல் காற்றைச் சொரிய, நாற்பத்திரண்டு பக்கம் நீண்ட ஒன்பதாம் அத்தியாயத்தின் முதல் வரியை மீண்டும் ஒருமுறை, இம்முறை தள்ளாது, நிறுத்திப் படித்தான்.

அப்போது மணி ஐந்தே முக்கால். நூலகத்தை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.